கூடுதலாக வந்த வெளிச்சம்

மழைக்குக் குடை கொண்டுவருகிறவர்கள் உண்டு. அந்தக் குடையின் கம்பி ஒடிந்துபோனால் என்ன செய்வது என்று பைக்குள் இன்னொரு குடையும் வைத்திருந்த ஒருவரை என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம், ஜூனியர் இன்ஜினீயராக மாற்றலாகி அவர் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். தென்காசி முழுக்கச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நனைந்த குடையை விரித்து மூலையில் வைத்துவிட்டு, பையிலிருந்து காய்ந்த குடை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நான் அங்கே டெக்னீஷியன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

“மழைக்கு ஒண்ணு போதாதா மேடம்?”

“மழைக்கு ஒண்ணு போதும். இது அந்தக் குடைக்காக்கும்.”

சிரிக்கக்கூட இல்லை. நாகர்கோவில் பக்கத்துக்காரர் என்பது அந்த ‘ஆக்கும்’ வந்த உடனே தெரிந்துவிட்டது. அந்தச் சீசன் முழுக்க அவருடைய குடை ஒருநாளும் ஒடியவில்லை. இரண்டாவது குடை என் கையில்தான் இருந்தது. வடகரையிலிருந்து சைக்கிளில் நனைந்துகொண்டே வருகிற ஆள் நான் ஒருவன்தான் என்பதை இரண்டாம் நாளே கவனித்திருக்கிறார்.

இத்தனை வருசம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்கு ‘அவர்’ என்றுதான் வருகிறது. பெயரை எழுத மனம் வரவில்லை. எங்களுக்கு அவர் மேடம். எனக்கு அப்போது முப்பத்தொன்று, அவருக்கு முப்பத்து மூன்று. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. என் வீட்டில் பெண் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டார்கள். அவருடைய வீட்டில் பார்ப்பதற்கு ஆள் இல்லை. அப்பா பக்கவாதத்தில் படுக்கையில் கிடந்தார், அம்மா அவரைத் திருப்பிப் போடவும் ஊட்டிவிடவுமே சரியாக இருந்தது. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் திங்கட்கிழமை காலையில் நேராக ஆபீசுக்குத்தான் வந்து இறங்குவார்.

மேடம் எதையும் விளிம்பு வரைக்கும் நிரப்ப மாட்டார். மூன்று பேர் வேலைக்குப் போனால் நாலு பேர் சாப்பாடு கொண்டுவருவார். “யாராவது கொண்டுவராம வந்திருவாங்க” என்பார். முதல் இரண்டு வாரம் அப்படி யாரும் வரவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து நான் சாப்பாடு கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். அந்த நாலாவது டப்பாவில் தேங்காய் அரைத்த மீன்குழம்பு இருக்கும், அல்லது அவியல் இருக்கும். ‘இன்னைக்கும் மறந்துட்டீங்களா’ என்று கேட்பார். ‘ஆமா மேடம், மறதி’ என்பேன். மூன்று மாதம் ஒரு மனுஷனுக்குச் சோறு மறக்குமா என்று அவர் கேட்டதே இல்லை.

ஆபீஸ் பீரோவில், ரிஜிஸ்டர்களுக்குக் கீழே, ஒரு பாலிதீன் பையில் மாற்றுச் சேலையும் துண்டும் வைத்திருந்தார். ஜூனில் வைத்தது. குற்றாலத்துக்கு வேலையாகத்தானே தினமும் போகிறோம், என்றைக்காவது அருவியில் குளிக்கத் தோன்றினால் வேண்டுமே என்பதற்காக. தினமும் அருவிக்குப் பக்கத்திலேயேதான் அவருக்கு வேலை. அவருக்குத் தோன்றவே இல்லை. ஜூலை போய், ஆகஸ்டும் பாதி போய், பை அப்படியே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேபிள் ஒட்டுகிற ஜாயின்டரிலிருந்து ஜீப் டிரைவர் வரைக்கும் எல்லோரையும் அவர் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊர்ப் பழக்கத்தை வந்த வாரமே பிடித்துக்கொண்டார். என்னை மட்டும் எதுவும் வைத்துக் கூப்பிட மாட்டார். “இங்க பாருங்க”, “கேட்டீங்களா”, அவ்வளவுதான். சின்ன உத்தியோகக்காரன் என்று மதிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் ரொம்ப நாள் வருத்தப்பட்டேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

அவர் எங்கள் ஊருக்கு வந்ததே ஒரு கேபிளுக்காகத்தான். குற்றாலத்தில் சீசன் வந்தால் லாட்ஜுக்கு லாட்ஜ் போன் கேட்பார்கள். பழைய செம்புக் கம்பி சாரலில் நனைந்து, பேசுகிறவன் தொண்டை கிழியக் கத்தினால்தான் மறுமுனையில் பாதியாவது விளங்கும். அதற்குப் பதிலாகத் தென்காசியிலிருந்து மேலகரம், நன்னகரம் வழியாகக் குற்றாலம் போய், ஐந்தருவி ரோட்டில் இருந்த சின்ன எக்ஸ்சேஞ்ச் வரை கண்ணாடி இழைக் கேபிள் போட உத்தரவு வந்திருந்தது. தலைமுடி கனத்தில் கண்ணாடி. அதற்குள் வெளிச்சம் ஓடும், வெளிச்சத்துக்குள் பேச்சு ஓடும். எங்களில் யாரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. மேடம் பயிற்சிக்குப் போய்வந்தவர்.

கேபிள் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும். இந்த முனையில் இவ்வளவு வெளிச்சம் விடுகிறோம். கண்ணாடி வழியே போகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு செத்துப்போகும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கொஞ்சம் சிந்தும். இரண்டு முனையிலும் செருகுகிற இடத்தில் கொஞ்சம் போகும். அது போக பெனால்டி என்று ஒன்று உண்டு. வெளிச்சம் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டு போகும்போது, தூரம் போகப் போக ஒவ்வொரு துடிப்பும் அகலமாகி அடுத்ததன்மேல் படியும். அப்படிக் கலங்கி வருவதைப் புரிந்துகொள்ள அந்த முனைக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வேண்டும், அதற்கும் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் டெசிபல் என்கிற அளவில் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் அங்கே இருக்கிற கருவிக்குக் கண் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் போய்ச் சேருமா என்று பார்ப்பதுதான் கணக்கு. சேர்ந்தால் பேசலாம். சேராவிட்டால் எட்டு கிலோமீட்டர் கண்ணாடியை மண்ணுக்குள் புதைத்ததோடு சரி.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். மேடம் அதற்குக் கீழேயும் பென்சிலால் எழுதிக்கொண்டு போனார். என்றைக்காவது ரோட்டை வெட்டுவார்கள், வெட்டுகிற ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு ஜாயின்ட் கூடும், அதற்கு இவ்வளவு. வெளிச்சம் விடுகிற விளக்கு வயதாகி மங்கும், அதற்கு இவ்வளவு. கடைசி வரியில் ‘ஆளுக்கு’ என்று போட்டு ஒரு டெசிபல் எழுதினார்.

“ஆளுக்குன்னா?” என்று கேட்டேன்.

“வேலை பாக்கிறது மனுசங்கல்லா. கை நடுங்கும். வீட்டுல சண்டை போட்டுட்டு வருவாங்க. பசியோட இருப்பாங்க. அதுக்கும் வைக்கணும்.”

“பயிற்சியில இதெல்லாமா சொல்லித்தாறாங்க?”

“இல்ல. இது எனக்க வரியாக்கும்.”

இந்தக் காகிதத்தைப் பார்த்த பெரிய சாருக்கு, அதாவது எங்கள் கோட்டத்துக்கே மேலதிகாரிக்கு, கண்ணில் மினுக்கம் வந்துவிட்டது. ஸ்டோரில் வெட்டுத் துண்டாக நாலைந்து கண்ணாடிக் கேபிள் கிடந்தது. கணக்கில் இவ்வளவு மிச்சம் இருக்கிறதே, அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி ஒப்பேற்றிவிடலாமே என்றார். நாலைந்து ஜாயின்ட் கூடும், கூடினால் என்ன?

மேடம் எழுந்து நின்றார். “சார், அது மிச்சம் இல்ல. அது வேற ஆளுக்க பங்கு.”

“யாரும்மா அந்த வேற ஆளு?”

“நமக்குப் பொறவு வந்து ராத்திரி பகலா இதுல ரிப்பேர் பாக்கப்போறவங்க. அவங்க இப்ப இங்க வந்து கேட்க முடியாதே சார். நாமதான் பாத்து வைக்கணும்.”

பெரிய சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் துண்டுக் கேபிளைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அந்த நிமிசத்தில்தான் மேடத்தைப் பிடித்துப்போனது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உண்மையில் அது மீன்குழம்பு நாளிலேயே ஆகிவிட்டது.

வேலை ஆரம்பித்தது. கிலோமீட்டருக்கு ஒரு குழி. குழிக்குள் தார்ப்பாயைக் கூரை மாதிரி கட்டி, அதற்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, மேடமே ஒட்டுவார். இழையின் தோலை உரித்து, துடைத்து, நுனியை நேராக வெட்டி, மிஷினில் இரண்டு நுனியையும் எதிரெதிராக வைத்தால் ஒரு மின்பொறி வந்து உருக்கி ஒட்டும். அவருக்குக் கூடமாட வேலை செய்தவர் ஜாயின்டர் அண்ணாச்சி. முப்பது வருசம் ஈயம் காய்ச்சிச் செம்புக் கேபிள் ஒட்டியவர், ரிட்டயராக ஒரு வருசம்தான் பாக்கி. நான் தென்காசியில் அளக்கிற பெட்டிக்கு முன்னால். அந்தப் பெட்டி கேபிளுக்குள் வெளிச்சத்தை விட்டு, திரும்பி வருவதை வைத்துப் பச்சைக் கோடு ஒன்று போடும். ஜாயின்ட் இருக்கிற இடத்தில் அந்தக் கோடு ஒரு படி இறங்கும். படி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, பழைய செம்பு லைனில் டெஸ்ட் போன் மூலம் குழிக்குள் இருக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டும். அரை டெசிபலுக்கு மேல் போனால் வெட்டிவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம்.

போனில் அவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவர் முகம் தெரியாது. ஆனால் நாளெல்லாம் காதோடு காதாக அவர் குரல். “பாத்தீங்களா? எவ்வளவு காட்டுது?” “ரெண்டாவது இழை போட்டாச்சு, பாருங்க.” இரைச்சலுக்கு நடுவே பாதி வார்த்தை வரும், மீதியை நானே போட்டுக்கொள்வேன். என் வாழ்க்கையில் சந்தோசமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்வேன். என் மனைவி இதைப் படிக்க மாட்டாள், அவளுக்குக் கண்ணில் புரை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு ஆபீசுக்கு வந்தபோது மேடம் சொன்னார். நாகர்கோவிலில் வேலை பார்க்கும் ஒருவர் புளியங்குடிக்காரர், அப்பாவுக்கு எலுமிச்சை மண்டி, ஊருக்குப் பக்கமாக வந்துவிடத் துடிக்கிறார். இரண்டு பேரும் இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்து மனுப் போட்டாகிவிட்டது. கேபிள் வேலை முடிந்த மறுநாளே இங்கிருந்து விடுவிப்பதாகப் பெரிய சார் ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.

“இப்படியே போனா ஆகஸ்டு கடைசிக்குள்ள முடிஞ்சிரும். அப்பாவைப் பொறவு தினமும் பாக்கலாம்,” என்றார்.

“ரொம்ப நல்லது மேடம்,” என்றேன். டப்பாவைப் பாதியிலேயே மூடி வைத்தேன்.

மூன்று குழிதான் பாக்கி இருந்தது. அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. வடகரையிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் வழியெல்லாம் வயல்காட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவேன். மேடம், நான் டெக்னீஷியன், நீங்க இன்ஜினீயர். நான் ரெண்டு வயசு சின்னவன். நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, நான் கோயிலுக்குப் போறவன். இதெல்லாம் தெரிஞ்சுதான் கேக்கேன். சைக்கிளில் எல்லாம் நன்றாகத்தான் வரும். ஆபீஸ் வாசலில் ஸ்டாண்டு போடும்போது போய்விடும். இன்னும் கொஞ்சம் நாள் கிடைத்தால் போதும், தைரியம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

நன்னகரம் தாண்டி அடுத்த குழி. முதல் இழையை ஒட்டிவிட்டு, “எவ்வளவு?” என்று கேட்டார். பெட்டி கால் டெசிபல்தான் காட்டியது. இதைவிட நல்ல ஜாயின்ட் போட முடியாது.

“முக்கால் காட்டுது மேடம்,” என்றேன்.

என் வாய்தான் சொன்னது. “முக்காலா?” “ஆமா மேடம்.” “சரி. வெட்டிட்டு மறுபடி போடுறேன்.” சாரல் நின்று கொடுத்தால் அரைமணி நேர வேலை, கொடுக்காவிட்டால் அரைநாள். மறுபடி ஒட்டினார். அதுவும் கால்தான். ‘அரை’ என்றேன். குழிக்கு ஆறு இழை. நாலு நாளில் முடிய வேண்டிய குழி பத்து நாள் இழுத்தது. ஒருவரை ஊருக்குப் போகவிடாமல் சேற்றில் உட்கார வைக்கிறோம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்குச் சொல்லிவிடுவோம், சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

அடுத்த குழியின்போது ஜாயின்டர் அண்ணாச்சி பஸ் பிடித்து நேரே எக்ஸ்சேஞ்சுக்கு வந்துவிட்டார். முழங்கால் வரை சேறு.

“ஏலே, மிசின் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்லுதியா?”

“என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கீங்க?”

“முப்பது வருசம் ஜாயின்ட்டு போட்டவன்லே நான். எனக்கு இந்தக் கண்ணாடி கண்ணாடியா தெரியாது. ஆனா போட்டவ மொகம் தெரியும். நல்லா ஒட்டிக்கிட்டுன்னா அந்தப் பிள்ள மூஞ்சியிலயே தெரியுது. நீ என்னடான்னா அங்கன இருந்துக்கிட்டு வெட்டு வெட்டுங்கே.”

“பெட்டி காட்டுறதத்தான சொல்லுதேன்.”

அண்ணாச்சி காலிலிருந்த சேற்றை வாசல்படியில் தேய்த்தார். “பேசணும்னா பேசிருலே. அத வெட்டச் சொல்லாத,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும்.

செப்டம்பரில் ஒருநாள் கடைசிக் குழி, ஐந்தருவிக்குப் பக்கத்தில். எல்லா இழையையும் முந்தின நாளே அளந்துவிட்டதால் அன்றைக்கு நானும் குழிக்குப் போயிருந்தேன். மேடம் காலையிலேயே பீரோவிலிருந்து அந்தப் பாலிதீன் பையை எடுத்து வந்திருந்தார். ‘ரெண்டு மணிக்கூர் யாரும் என்னைத் தேடாதீங்க’ என்று சொல்லிவிட்டுப் பெண்கள் குளிக்கிற பக்கம் போனார். திரும்பி வந்தபோது தலை துவட்டியும் துவட்டாமலும், உதடு குளிரில் நீலமாக, மேஜைக்குப் பதிலாகக் கேபிள் டிரம்மின்மேல் காகிதத்தை வைத்துக் கணக்கை எடுத்தார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிப் பென்சில் எழுத்து அங்கங்கே ஊறியது. நான் எதிரே நின்றேன். யாரும் இல்லை. ஜாயின்டர் அண்ணாச்சி டீ குடிக்கப் போனவர் வேண்டுமென்றே வரவில்லை. மேடம் தலையை நிமிர்த்தி, “என்ன?” என்று கேட்டார்.

“கடைசி இழையையும் ஒருவாட்டி பாத்திரலாம் மேடம். அரைக்கு மேல இருந்த மாதிரி இருந்துச்சு,” என்றேன்.

மேடம் காகிதத்தை மடித்தார். “சரி, பாத்திரலாம்” என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

அந்த வாரம்தான் புளியங்குடிக்காரர் மனுவை மாற்றிவிட்டார் என்று தகவல் வந்தது. இவருக்காகக் காத்திருந்து பொறுமை போய், சங்கரன்கோவிலில் இருந்த வேறொருவரோடு இடம் மாற்றிக்கொண்டார். மேடம் தந்தியைப் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். கண்ணாடி இழைக் கேபிள் வேலை தெரிந்தவர் என்பதால், அடுத்த உத்தரவில் அவரை வேலூர் பக்கம் போடச் சொல்லிவிட்டார்கள். தென்காசியிலிருந்தாவது வாரம் ஒருமுறை அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலூரிலிருந்து அது முடியாது.

அவர் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் போயிருந்தோம். “போய்ட்டு வாங்க மேடம்” என்றேன், எல்லோரும் சொன்ன மாதிரியே. ஜனவரியில் அவருடைய அப்பா தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வேலூரிலிருந்து வந்துசேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதாம். அதற்கு அப்புறம் ஒரு கடிதம் எழுதக்கூட எனக்கு முகம் இல்லாமல் போயிற்று. அடுத்த வருசம் எனக்குக் கல்யாணம் ஆனது. நல்ல மனுஷி, என்னோடு சேர்ந்து கஷ்டப்பட்டாள், அவள்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சாரல் அடிக்கிற நாட்களில் இன்றைக்கும் எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நன்னகரம் வரைக்கும் போய்விட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்புவேன். முட்டி வலிக்கிறது என்றாலும் போவேன்.

அவர் வேலூருக்குப் போவதற்கு நாலு நாள் முன்னால் கேபிளுக்கு உயிர் கொடுத்தோம். தென்காசி முனையில் நான் வெளிச்சத்தை விட்டேன். ஐந்தருவி ரோட்டு முனையில், வந்து சேர்கிற வெளிச்சத்தை மேடம் மீட்டரில் அளந்தார். நான் சொன்ன எண்களையெல்லாம் கூட்டினால் அங்கே வந்து சேர வேண்டிய வெளிச்சம் ஒன்று. என் பொய் கலக்காத வெளிச்சம் வேறொன்று. செத்துப்போனதாக நான் சொன்னதெல்லாம் உயிரோடு அந்தப் பக்கம் வந்து இறங்கும். கண்ணாடிக்கு என் மேல் என்ன பிரியம், அது உள்ளதைத்தான் காட்டும். மேடம் செம்பு லைனில் வந்து, “கணக்குக்கு மேல முக்கால் டெசிபல் கூடுதலா வருது” என்றார். நான் பென்சிலைத் தேடினேன். “நல்லதுதானே, எழுதிக்கிடுங்க” என்றார். எழுதிக்கொண்டேன்.

அடுத்து பேச்சைச் சோதிக்க வேண்டும். செம்பை விட்டுவிட்டு, கண்ணாடி வழியாக முதல் தடவை பேசுவது. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த முனையில் இருப்பவர் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் நிதானமாக எண்ண வேண்டும், இந்த முனையில் இருப்பவர் எதாவது எண் விட்டுப்போகிறதா, இரைச்சல் வருகிறதா என்று கேட்க வேண்டும். பெரிய சார் வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். ஸ்டாஃப் எல்லோரும் சுற்றி நின்றார்கள். யாரோ ஒரு பெட்டி லட்டு வாங்கி வைத்திருந்தார்கள். போனை எடுத்தேன்.

மூன்று மாதமாக இரைச்சலுக்குள் பாதியும் மீதியுமாகக் கேட்ட குரல், இப்போது ஒரு தூசிகூட இல்லாமல் வந்தது. மூச்சு இழுப்பது கேட்டது. அந்தப் பக்கம் தூரத்தில் அருவி விழுவதும் கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஒரே சீராகப் பத்து வரைக்கும் எண்ணினார். எண்ணி முடித்து, அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னார்.

“முதல்ல நீங்க முக்கால்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். ஒட்டினது எனக்க கையாக்கும்.”

எனக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனால் அடைக்கவில்லை, எல்லாம் விழுந்துகொண்டிருந்தது.

“புளியங்குடிக்காரர் ஆகஸ்டு கடைசிக்கு மேல நிக்க மாட்டேன்னு முன்னாடியே சொல்லியிருந்தார். தெரிஞ்சேதான் மூணு வாரம் கூட வச்சேன். அப்பா அங்க கெடக்காருன்னு தெரிஞ்சும் வச்சேன். நீங்க வாயைத் தெறக்க அவ்வளவு நாள் போதும்னு நெனைச்சேன்.”

பெரிய சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ஜாயின்ட்டைப் பத்தி மட்டும்தான் பேசினீங்க,” என்றார் மேடம்.

“என்னப்பா, எப்படி இருக்கு? ஏதாவது விட்டு விட்டு வருதா?” என்று பெரிய சார் கேட்டார்.

“இல்ல சார்,” என்றேன். “தெளிவா இருக்கு. ஒரு வார்த்தைகூட விட்டுப்போகல.”

அவர் சந்தோசமாகக் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். “வாழ்த்துக்கள்ம்மா, எங்கே, எனக்கும் ஒருவாட்டி எண்ணு” என்று சிரித்துக்கொண்டே காதில் வைத்தார். அந்த முனையில் மேடம் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.